எபோஷியின் பட்டறை

வரைந்த காடுகள் – 11

'இளவரசி மோனோனோகே' படத்தின் நாயகன் ஆஷிடாகா சாபம் ஏறிய கையோடு ஊரைவிட்டுக் கிளம்பியது வரை போன வாரமே வந்தாயிற்று. பன்றித் தெய்வத்தின் உடம்புக்குள் கிடந்த இரும்புக் குண்டை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் காட்டுத் தெய்வம் ஷிஷிகாமியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தக் குண்டு வார்க்கப்பட்ட பட்டறையைத் தாண்டாமல் காட்டுக்குள் போக வழியில்லை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. 'இளவரசி மோனோனோகே' 1997 ஜூலையில் வெளியாகி, ஜப்பானில் அதுவரை வந்த எல்லாப் படங்களின் வசூலையும் தாண்டியது; பிறகு 'டைட்டானிக்' வந்துதான் அதை முந்த முடிந்தது. ஓநாய் மேல் ஏறி வரும் பெண் ஸான், பேசும் பன்றிகள், தலையைக் கடகடவென்று ஆட்டும் மரப் பூதங்கள், இவைதான் ஈர்ப்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். இவை கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன, சரி. ஆனால் படம் முடிந்து நாளாகியும் மனதை அரிப்பது எபோஷி சீமாட்டியின் இரும்புப் பட்டறை. சோறு போடுகிற கையும் காட்டை அழிக்கிற கையும் ஒன்றே என்று காட்டிவிட்டு, அதைப் பிரித்துத் தர மறுக்கிறது இந்தப் படம். அதன் பலமே அங்கேதான் இருக்கிறது. காலை எட்டரை மணி ஷிப்டுக்குச் சாப்பாட்டுப் பையோடு நம் திருப்பூர் வீரபாண்டி பிரிவில் இறங்குகிற கூட்டத்துக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பட்டறைக்குள் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். உலைக்குக் காற்றூதும் பெரிய துருத்தியை மிதிப்பவர்கள் பெண்கள். விலைக்கு விற்கப்பட்டவர்களை எபோஷி மீட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஒருமுறை உலை மூட்டினால் நாலு பகல் ஐந்து இரவு மிதிக்க வேண்டும். நம் ஒன்றரை ஷிப்டெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பாடு உண்டு, அதட்டுகிற ஆண்கள் இல்லை என்று அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். உலைத் தெய்வமான கனாயாகோவுக்குப் பெண்களைப் பிடிக்காது என்ற நம்பிக்கையால், அசலான ஜப்பானிய உலைக்கூடங்களில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. படத்தின் இயக்குநர் மியாசாகி வேண்டுமென்றே அவர்களைத் துருத்தி மேல் ஏற்றினார். பின்கட்டில் துப்பாக்கி செய்பவர்களோ உடம்பெல்லாம் துணி சுற்றிய தொழுநோயாளிகள். மியாசாகியின் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் 'தாமா ஸென்ஷோயென்' என்ற தொழுநோய் இல்லம் இருக்கிறது. படத்துக்காகக் குழம்பிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நோயாளிகளைப் பூட்டிவைத்த சட்டத்தை ஜப்பான் ரத்து செய்தது 1996-இல்தான், அதாவது படம் வருவதற்கு முந்தைய ஆண்டு. ஊர் தொடாத உடம்பைத் தன் கையால் கழுவியவள் எபோஷி. காட்டை வெட்டுகிறவளும் தெய்வத்தைச் சுடுகிறவளும் அவளேதான்.

இங்கிருந்து காட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் இந்த வாரம் கண்ணில் பட்ட ஒரு சங்கதி என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போய்விட்டது. ஜப்பானில் இரும்புக்கல் சுரங்கங்கள் குறைவு. ஷிமானே பகுதி மலைகளில் பாறை மக்கி மணலானதில் இரும்புத்துகள் கலந்திருக்கும். மலைச்சரிவை வெட்டிச் சரித்து, வாய்க்காலில் தண்ணீர் விட்டு அலசினால் கனமான இரும்பு மணல் அடியில் தங்கும், மிச்ச மண் ஆற்றோடு போகும். மலையில் துகள் கொஞ்சம், மண் ஏராளம். ஒரு கூடை இரும்பு மணலுக்கு எத்தனை கூடைச் சேறு கீழே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஓடும் ஹீ ஆற்றின் படுகை இப்படித் தூர்ந்து தூர்ந்து, இரண்டு பக்க வயல்களைவிட உயரமாகிவிட்டது. கீழ்க்கரை விவசாயிகள் சும்மா இருப்பார்களா? தகராறு நடந்தது. முடிவில் கிடைத்த ஏற்பாடுதான் என்னைக் கட்டிப்போட்டது: நெல் வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத மாதங்களில், இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை மட்டும், மணல் அலசலாம். இன்னொன்றும் உண்டு. அலசி முடித்த சரிவுகளை அப்படியே கைவிடாமல் படிப்படியான நெல்வயல்களாக மாற்றினார்கள். அதே மலைப்பகுதியில் உள்ள ஓக்குயிஸுமோவில் இன்றும் அந்த வயல்களில் பேர்போன அரிசி விளைகிறது. கரிக்கு வெட்டிய காட்டையும் முறைவைத்து, முப்பது வருடம்போல வளரவிட்டுத்தான் மறுபடி வெட்டினார்கள். அங்கே வாளுக்கான எஃகு எடுக்க இப்போதும் பழைய முறையில் உலை மூட்டுகிறார்கள். மூன்று பகல் மூன்று இரவு எரியும் ஒரு உலைக்குச் சுமார் 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் போய், கிடைப்பது இரண்டரை டன் கட்டி. மியாசாகி படத்தில் இந்தச் சமாதானங்கள் எதையும் காட்டவில்லை. எபோஷிக்கு அடங்காத அவசரம். மணல் தீர்ந்தால் அடுத்த மலை.

நம் ஊரில் நடந்ததும் அந்த அவசரம்தான். வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது அன்றைக்குச் சாயப் பட்டறைகளில் எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆறு கெடுகிறது என்று கண் கலங்கியவர்களும், சனிக்கிழமை வாரக்கூலி நின்றதே என்று கண் கலங்கியவர்களும் பல நேரம் ஒரே வீட்டில் இருந்தார்கள். கழிவே வெளியேறாத முறைக்கு மாறிய பிறகுதான் வீரபாண்டி உட்பட ஊரைச் சுற்றியுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. எபோஷியை வில்லி என்று சொல்ல வாய் வராத தயக்கம் இந்த ஊருக்கு முன்பே பழக்கமானது.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. வில்லனே இல்லை என்பது முதலாளிக்குச் சாதகமான பேச்சு. எல்லார் பக்கமும் நியாயம் இருந்தால் ஆற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். விலை கொடுத்து மீட்ட பெண்களின் நன்றியை வைத்து வேலை வாங்குவதும் ஒருவகைக் கட்டுதான் என்பார்கள். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லிப் பெண்களை நூல் மில் விடுதிகளில் வைத்திருந்த திட்டங்களை அறிந்தவர்கள் இதை லேசாகத் தள்ளமாட்டார்கள். நானும் தள்ளவில்லை. ஆனால் படம் எபோஷியைப் புரிந்துகொள்கிறதே தவிர, தப்பவிடவில்லை. வெட்டுண்ட ஓநாய்த் தலை பாய்ந்து அவள் கையைக் கடித்துப் பிடுங்குகிறது, பட்டறை மண்ணோடு போகிறது, தெய்வமும் செத்துப்போகிறது. செய்ததற்கு விலை வசூலிக்க, செய்தவளை அரக்கியாக்க வேண்டிய தேவை மியாசாகிக்கு இல்லை. நம் படங்களில் கோட்டு போட்ட முதலாளியைக் கடைசி ரீலில் நாயகன் துவைத்து எடுத்ததும் நாம் நிம்மதியாக எழுந்து வருகிறோம், சாயத்தண்ணீர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது இதில் எது?

கற்பனைக் கதையில் சாயப்பட்டறையைத் தேடுவது வலிந்த வாசிப்பு என்பது இன்னொரு மறுப்பு. அதற்கு மியாசாகியின் வரலாறே பதில். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவை விட்டு, மீன் தின்றவர்கள் நரம்பு நோயில் விழுந்தது 1956-இல் அதிகாரபூர்வமாக வெளிப்பட்டது. ஜனங்கள் மீன் பிடிப்பதை நிறுத்தியதும் அங்கே மீன்கள் பெருகின என்ற செய்திதான் தன் முந்தைய படைப்பான 'நௌஸிகா'வின் நச்சுக் காட்டுக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆலைக் கழிவைப் பார்த்துத்தான் அவர் கற்பனை வேலை செய்யத் தொடங்கியது. (இடையில் ஒன்று: அமெரிக்க விநியோகஸ்தருக்கு, இந்த 134 நிமிடப் படத்தில் கத்தரி வைக்கக்கூடாது என்ற செய்தியோடு தயாரிப்பாளர் சுஸுகி ஒரு வாளையே அனுப்பிவைத்தார். கத்தரி விழுந்திருந்தால் முதலில் போயிருப்பது துருத்தி மிதிக்கும் பெண்களின் பாட்டும் பேச்சும்தான் என்று நினைக்கிறேன்.)

முடிவில் ஸான் காட்டுக்குப் போகிறாள். ஆஷிடாகா பட்டறையில் தங்கி அதைத் திரும்பக் கட்டப்போகிறான், அவ்வப்போது அவளைப் பார்க்க வருவான். கல்யாணமும் இல்லை, சமாதான ஒப்பந்தமும் இல்லை. பலருக்கு இந்த முடிவில் திருப்தி கிடையாது. இதைவிட நேர்மையான முடிவு இந்தக் கதைக்கு இருக்க முடியாது என்பேன். ஷிஷிகாமிக்கு இந்த வாரமும் இடம் போதவில்லை. அந்தக் காட்டுக்கு மாதிரியான யாக்குஷிமா தீவுக்கு அடுத்த வாரம் கட்டாயம் போவோம்; அதற்குள் முடிந்தவர்கள் பட்டறைக் காட்சிகளை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.