வானளாவிய மரமும் சாணளவுப் படமும்

உயரத்தை அளக்க நம் முன்னோர் கோலைத் தேடி அலையவில்லை. முழங்காலளவு, இடுப்பளவு, ஆளுயரம், தென்னை உயரம், பனை உயரம் என்று தம் உடலையும் தம் வளவில் நின்ற மரத்தையுமே அளவுகோலாக்கிக் கொண்டனர். மிகச் சிறியதற்குத் தினையையும் மிகப் பெரியதற்குப் பனையையும் எல்லையாக வைத்த மொழி நம்முடையது. ஆகவே, உயரம் என்னும் எண்ணம் தமிழனுக்கு ஒரு மரத்தின் உருவிலேயே முதலில் தோன்றுகின்றது எனலாம்.

அத்தகைய மரம் நிழற்படத்துக்குள் புகும்போது அதன் உயரம் எங்கே போய்விடுகின்றது? கல்குடாக் கடற்கரையை விட்டு மேற்கே வாழைச்சேனையைக் கடந்து, குடும்பிமலை இருக்கும் காட்டுத் திசை நோக்கிச் செல்லும் ஒருவர், ஆற்றங்கரையில் முதிர்ந்த மருதமரம் ஒன்றின் அடியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் அண்ணாந்து பார்க்கின்றார். பார்வை அடிமரத்தில் தொடங்கி, முதற் கிளையில் இளைப்பாறி, இலைக்கூட்டத்துள் நுழைந்து, வானத்தில் முடிகின்றது. கழுத்து வலிக்கின்றது, நெஞ்சில் ஒருவகை அச்சமும் பணிவும் பிறக்கின்றன. உடனே கமராவை உயர்த்திப் படம் எடுக்கின்றார். வீட்டுக்கு வந்து அப்படத்தைப் பார்த்தாலோ, அங்கே நிற்பது ஏதோ ஒரு மரம்! வேலியோரத்துப் பூவரசுக்கும் அதற்கும் வேறுபாடு தெரிவதில்லை.

இக்குறை கமராவினுடையது அன்று. எடுப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 30 மீற்றர் உயரமுள்ள மரம் ஒன்றிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிற்கின்றோம். மரத்தின் கீழ்ப்பாதி நம் கண்ணில் ஏறக்குறைய 62 பாகை அளவுக்கு விரிகின்றது. அதே நீளமுள்ள மேற்பாதியோ 17 பாகைக்குள் ஒடுங்கிவிடுகின்றது. மேலே செல்லச் செல்ல மரம் நம்மிடமிருந்து விலகிச் செல்வதே இதற்குக் காரணம். 60 மீற்றர் பின்னே சென்று நின்றால் கீழ்ப்பாதி 14 பாகை, மேற்பாதி 13 பாகை என்று இரண்டும் ஏறத்தாழ ஒத்துவிடுகின்றன. அருகில் நிற்பவனுடைய மனம், தான் அண்ணாந்து நோக்கிய வருத்தத்தை வைத்துக்கொண்டு இக்குறையைத் தானே நிரப்பிக் கொள்ளுகின்றது. கமராவுக்குக் கழுத்து இல்லை. மேல்நோக்கிச் சாய்த்த கமரா, பருத்த வேரையும் சிறுத்த முடியையும் காட்டி, பக்கத்து மரங்களை எல்லாம் உள்நோக்கிச் சரிய விட்டு, அத்தோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும்.

உரித்துக் காட்டிய உயரம்

ஒரு மரத்தின் பெருமையைக் காணாதாருக்குக் காட்டுவது எப்படி? இக்கேள்வி சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியது. அதற்கு மனிதன் கண்ட முதல் விடை மிகக் கொடியது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாபெரும் செக்கோயா மரங்கள் உண்டு. 1853இல் கலவராஸ் என்னும் தோப்பில் அவற்றுள் ஒன்றை வெட்டி வீழ்த்தினர். அதன் அடிக்கட்டையை நடன மேடையாக்கினர். பட்டையை ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்சிக்கு வைத்தனர். அதைக் கண்டும் இது புரட்டு என்று நகைத்தவர் பலர். அடுத்த ஆண்டு, ‘வனத்தின் தாய்’ என்று பெயர் பெற்ற வேறொரு மரத்தைப் பிடித்தனர். நின்ற நிலையிலேயே அதன் பட்டையை 116 அடி உயரம் வரை உரித்து எடுத்தனர். அப்பட்டையைப் பொருத்தி நிறுத்தி முதலில் நியூயோர்க்கிலும், பின்னர் இலண்டனின் பளிங்கு மாளிகையிலும் காட்டினர். 1866இல் அங்கே மூண்ட தீயில் அது சாம்பலாயிற்று. தோலுரிக்கப்பட்ட தாயும் காட்டில் பட்டுப்போனாள். உயரத்தை நம்பச் செய்வதற்காக உயரமான உயிரையே பலியிட்ட கதை இது.

இரண்டாம் விடையை 1861இல் கால்ட்டன் வாட்கின்ஸ் என்னும் நிழற்படக் கலைஞர் அளித்தார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவான கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு அவர் யோசெமிற்றி மலைப்பகுதிக்குச் சென்றார். மரிப்போசாத் தோப்பிலே ‘கிறிஸ்லி ஜயன்ற்’ என்னும் முதுமரத்தை அவர் எடுத்த படம் புகழ் பெற்றது. அதன் அடியில் மனிதர் சிலர் நிற்கின்றனர். முதலில் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. வேரின் மடிப்போ, நிழலின் கீறலோ என்று மயங்கிய கண், இவை மனிதர் என்று உணர்ந்த கணத்திலே மரம் சட்டென்று பன்மடங்கு வளர்ந்து நிற்கின்றது!

இப்படங்கள் 1862இல் நியூயோர்க்கிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864ஆம் ஆண்டு யூன் 30ஆம் திகதி, யோசெமிற்றிப் பள்ளத்தாக்கையும் மரிப்போசாத் தோப்பையும் மக்களுக்கென என்றும் காத்து வைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அச்சட்டத்துக்கு வழி திறந்தவற்றுள் வாட்கின்சின் படங்களும் அடங்கும் என்பர். கத்தி ஒரு மரத்தைக் கொன்றது. கண்ணாடித் தகடு ஒரு தோப்பைக் காத்தது.

பெயர் நின்றது, மரம் எங்கே?

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். புளியந்தீவு, நாவற்குடா, மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, தெற்கே ஆலையடிவேம்பு! மரத்தை வைத்தே நிலத்தை அடையாளம் கண்டவர்கள் இங்கே குடியேறினர். கொக்கட்டி மரத்தடியிலேதான் தான்தோன்றீச்சரர் வெளிப்பட்டார் என்பது கொக்கட்டிச்சோலைத் தலமரபு. ஆனால், ஓர் ஊருக்கே பெயர் தந்த புளி எவ்வளவு உயரமாக நின்றது? அந்த நாவலின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்தது? பெயர் இதற்கு விடை சொல்வதில்லை.

நிழற்படக் கலை நம்மிடம் வந்த பின்னராவது இக்குறை தீர்ந்ததா? பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பார்த்தால் மரங்கள் இல்லாமல் இல்லை. மணமக்களுக்குப் பின்னே ஓர் அடிமரம். பள்ளிக்கூட மாணவர் வரிசைக்கு மேலே ஒரு கிளை. மரம் திரைச்சீலையாக வந்தது. தலை வெட்டப்பட்டு வந்தது. தனக்கென ஒரு படம் அதற்குக் கிடைக்கவில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி, இப்பகுதியின் தென்னந்தோப்புகளிற் பெரும்பாலானவற்றை ஒரே இரவில் சாய்த்தது. தென்னையோடு, தலைமுறைகள் கண்ட ஆலும் வேம்பும் புளியும் வேரோடு பெயர்ந்தன. பின்னர் வந்த போர்க்காலத்திலே வீதியோரக் காடுகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. 2004 திசம்பர் 26இல் கடல் எழுந்து கல்குடாக் கரையை வாரிச் சென்றது. தென்னை மீண்டும் நட்டால் சில ஆண்டுகளிற் காய்க்கும். பாலையும் கருங்காலியும் அப்படியல்ல. அவை மெல்ல மெல்ல வளர்ந்து வைரம் ஏறுபவை. ஒரு முதிய பாலை விழுந்த இடத்தில் இன்று நட்ட கன்றின் முழு உயரத்தை, நட்டவரும் அவர் பேரரும் காணார். அதனாலே, நிற்கின்றவற்றை நின்றபடியே பதிந்து வைப்பது நம் கடனாகின்றது.

எப்படி எடுப்பது?

முதலாவது, அளவுக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் மரத்தோடு ஒட்டி, கமராவிலிருந்து மரம் இருக்கும் அதே தொலைவில் நிற்க வேண்டும். பாதி வழியில் நிறுத்தினால் அவர் இருமடங்காகத் தோன்றுவார். 30 மீற்றர் மரம் 15 மீற்றர் மரமாகக் குறுகிவிடும். அவர் கமராவைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். படத்தின் தலைவர் அவர் அல்லர்.

இரண்டாவது, பின்வாங்க இடம் வேண்டும். அடர்ந்த காட்டில் அதற்கு வழியில்லை. ஆனால் நம் நாட்டிலே வாவி இருக்கின்றது. அறுவடை முடிந்த வயல்வெளி இருக்கின்றது. அக்கரை மரத்தை இக்கரையில் நின்று நேர்நோக்கில் எடுக்கலாம். தோணியும் தோணிக்காரரும் அம்மரத்தின் கீழே கரையோரம் வந்துவிட்டால் அளவுகோலும் தானே வந்துவிடும்.

மூன்றாவது, சிறிது உயரம் வேண்டும். மரத்தின் இடையளவிலிருந்து பார்த்தால் அடியும் முடியும் நியாயமான பங்கைப் பெறும். இதற்கு ஏணி தேட வேண்டியதில்லை. வாகனேரி, உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்களின் கட்டுகள் இருக்கின்றன. கட்டின் மேல் நின்று, கீழே தாழ்வில் நிற்கும் மருதை நோக்குபவர் பாதி மரம் ஏறியவருக்குச் சமம்.

இம்முறையின் உச்சத்தை அமெரிக்காவின் மைக்கேல் நிக்கல்ஸ் 2009இல் காட்டினார். ஏறக்குறைய 300 அடி உயரமான செம்மரம் ஒன்றின் எதிரே கயிறுகளிற் கமராவைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாக எடுத்த 84 படங்களை ஒன்றாக இணைத்தார். கிளைகளிடையே ஏறுநர் சிலர் எறும்புபோல் தெரிகின்றனர். இதன் தத்துவம் நம் மாணவர் கையிலும் அடங்கும். குளக்கட்டில் ஓரிடத்தில் நின்று, கைத்தொலைபேசியால் வேர், நடுமரம், கிளை, முடி என ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிய நான்கைந்து படங்கள் எடுத்து நெடுக அடுக்கினால் மரம் எழுந்து நிற்கும். கண்ணும் அதன் மேல் ஏறிச் செல்லும்.

நான்காவது, அடக்கம் வேண்டும். உலகின் மிக உயர்ந்த மரமாகிய ‘ஹைப்பீரியன்’ 2006இற் கண்டறியப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 116 மீற்றர். அதைத் தேடிப் படம் எடுக்க வந்தவர்களின் கால்கள் அதன் வேர்நிலத்தை மிதித்துக் கெடுத்தன. 2022இல் அங்கே செல்வதையே தடைசெய்து, மீறுவோருக்குத் தண்டமும் சிறையும் உண்டென்று அறிவித்தனர். ஆகையால் மறைக்கும் கிளையை வெட்டுதல், அடிமரத்தில் ஆணி அறைதல், பெயர் பொறித்தல் ஆகியவை ஆகா. மரத்தைக் காயப்படுத்தி எடுத்த படம், உரித்த பட்டையின் உடன்பிறப்பே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கணித ஆசிரியர் ஒருவரும் பத்து மாணவரும் போதும். 2 மீற்றர் கோலை நிலத்தில் நேராக நட்டு அதன் நிழலை அளக்க. அதே வேளையில் மரத்தின் நிழலையும் அளக்க. கோலின் நிழல் 1½ மீற்றராகவும், மரத்தின் நிழல் அடிமரத்தின் நடுவிலிருந்து 18 மீற்றராகவும் இருந்தால் மரத்தின் உயரம் 24 மீற்றர். மார்பளவு உயரத்திற் கயிறு சுற்றி மரத்தின் சுற்றளவையும் குறிக்க. படத்தோடு மரத்தின் ஊர்ப்பெயர், உயரம், சுற்றளவு, நாள் ஆகியவற்றையும், அதைப்பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் செய்தியையும் எழுதி வைக்க. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று மீண்டும் எடுக்க.

இவ்வாறு ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் மூத்த மரங்கள் ஐந்தைப் பதிந்து வைத்தால், வாவிக்கரை முழுவதற்கும் ஓர் ஆவணம் உருவாகும். சாலை அகலிக்க வருபவரும் விறகுக்கு வருபவரும் கோடரியை ஓங்குமுன், இது எத்தகைய மரம் என்று எடுத்துக் காட்ட ஊராரிடம் ஒரு சான்று இருக்கும். மீண்டும் ஒரு சூறாவளி வரலாம். அதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. விழுந்த மரம் இவ்வளவு உயரமாக நின்றது என்று அறியாத பிள்ளைகள் இனி இங்கே வளராதபடி செய்யும் ஆற்றல் நமக்கு உண்டு.