அடுத்த அறையில் வைத்த பிரதி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம், சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 2 மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், சர்வர் தானாகவே எல்லா மெயில்களையும் பிரதி எடுத்து, நெட்வொர்க் வழியாக அடுத்த அறையில் இருக்கும் நாஸ் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது. நாஸ் என்பது இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி. அலுவலகத்துக் கணினிகளுக்கெல்லாம் பொது அலமாரி மாதிரி. லினக்ஸ் என்றால் கிரான், விண்டோஸ் என்றால் டாஸ்க் ஷெட்யூலர்; ஒரு முறை நேரம் குறித்துக் கொடுத்தால் போதும், தினமும் நடக்கும். செய்து கொடுத்தவர் கிளம்பிய பிறகு யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதே இல்லை என்று சொல்லித்தான் இதை விற்கவும் செய்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. மூலத்துக்கு வரும் கேடு அதே அடியில் பிரதிக்கும் வந்து சேருமானால், அதைப் பிரதி என்று கணக்கில் வைக்கக் கூடாது. தானாக நடக்கிறதா என்பதைவிட, மூலத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தானாக நடப்பதே எவ்வளவு நிச்சயம் என்று முதலில் பார்க்கலாம். மாலையில் கதவைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. இடி மின்னல் மாதங்களில் அது நல்ல பழக்கமும்கூட. யுபிஎஸ்ஸில் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், நாஸ் பெட்டி தூங்கிப்போயிருக்கும். விண்டோஸில் வேறொரு வேடிக்கை. நாம் லாகின் செய்து பார்க்கும்போது நாஸ் பெட்டி இசட் டிரைவாகத் தெரியும். இரவில் வேலையை ஓட்டுவது சிஸ்டம் கணக்கு. அந்த இசட் டிரைவ் அதன் கண்ணுக்கே படாது. பகலில் கையால் ஓட்டினால் வேலை செய்யும், இரவில் தானாக ஓடினால் தோற்கும். லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். நாஸ் பெட்டி இணைப்பில் இல்லாத நாளில், அது மாட்டப்பட வேண்டிய வெறும் ஃபோல்டர் சர்வரிலேயே இருக்கும். பிரதி முழுவதும் அதற்குள் போய் விழும். வேலை முடிந்தது என்று பதிவாகும். மெயில் சர்வரின் சொந்த டிஸ்க் நிரம்பிக்கொண்டே வரும். இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவைதான். மெயின் அணைப்பதை முன்னிட்டு நேரத்தை மாலை 6-க்கு மாற்றலாம்; டிரைவ் எழுத்துக்குப் பதில் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுக்கலாம்.

சரிசெய்ய முடியாதது இடம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரையொட்டிக் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறி முடிந்த பிறகு, டிசம்பர் 2-ந்தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர் வந்து வீடுகளுக்குள் புகுந்தது. ஒரே தளத்தில் இருக்கும் சர்வரையும் நாஸ் பெட்டியையும் வெள்ளம் தனித்தனியாகப் பார்க்காது. சிதம்பரத்துக் கிளையில் ஒரு பெட்டி வைத்துக்கொண்டால் போதுமே என்று தோன்றலாம். தீக்கும் திருட்டுக்கும் போதும். ஆனால் சாலை வழியில் 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த ஊரும் இதே கடற்கரைச் சமவெளியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது; ஒரு பெரும்புயலுக்கு இரண்டு ஊரும் ஒரே முற்றம். பிரதியைக் கோவைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால்தான் விலகல் என்று பெயர். இது சின்ன அலுவலகங்களின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி டிரைவ் 858 டெராபைட்டோடு எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள்.

சிதம்பரத்துக்கு இந்தப் பாடம் பழையது. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்ததையும், ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது கறையான் புற்று மூடியிருந்ததையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. வரலாறு எவ்வளவு, புராணம் எவ்வளவு என்ற விவாதம் இருக்கட்டும். பூட்டு பலமாகத்தான் இருந்தது. கறையானுக்குப் பூட்டு ஒரு பொருட்டில்லை. மரபுக் கணக்கு லட்சத்துக்கு மேல் என்று சொல்லும் பதிகங்களில் இன்று கையில் இருப்பவை ஏறக்குறைய 800. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த ஏடுகள் எதிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்ததுதான். வேறு ஊர், வேறு பொருள். கறையான் கல்லைத் தின்னாது.

இன்றைய கறையான் ரேன்சம்வேர். ஒரு கணினியில் நுழைந்து, அங்கிருந்து எட்டுகிற எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். நாஸ் பெட்டியில் எழுத சர்வருக்கு அனுமதி இருக்கிறது என்றால், சர்வரைப் பிடித்தவனுக்கும் அந்த அனுமதி உண்டு. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் இப்படி முடங்கி, மருத்துவமனை பல நாள் காகிதத்தில் ஓடியது. பாதிப்பு எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் நோயாளிகள் தகவலை மீட்டார்கள். ஆக இடத்தில் விலகியிருந்தால் மட்டும் போதாது, சாவியிலும் விலகல் வேண்டும். அதற்கு எளிய வழி, அனுப்பும் திசையை மாற்றுவது. மெயில் சர்வர் கொண்டுபோய்க் கொடுக்காமல், பேக்கப் சர்வர் வந்து எடுத்துப் போகட்டும். அதன் பாஸ்வேர்டு மெயில் சர்வருக்குத் தெரியவே கூடாது. மூன்றாவது விலகல் காலத்தில். நேற்றைய பிரதி மேலேயே இன்றையதை எழுதினால், இன்று நடந்த தவறும் பத்திரமாகப் பிரதியாகிவிடும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளிகளில் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் காலியாயின. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை இணைப்பில் இல்லாத டேப்புகள்.

சொந்த சர்வர் யாரிடம் இருக்கிறது, எல்லாம் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ என்று போய்விட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. தங்கள் டிஸ்க் கெட்டுப்போவதை அந்த நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊழியர் அழிப்பதை யார் பார்ப்பது? நிறுவனக் கணக்கில் அழித்த மெயில் ஜிமெயில் குப்பையில் 30 நாள் இருக்கும், அதன்பின் நிர்வாகி மீட்க 25 நாள். மைக்ரோசாஃப்ட்டில், குப்பையையும் காலி செய்த பிறகு வழக்கமாக 14 நாள், நீட்டினால் 30. ஜிஎஸ்டி சட்டமோ கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆர்டரும் இன்வாய்ஸும் மெயிலிலேயே வந்து போகும் கடையில் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் கடைக்காரர்தான்.

செலவு என்ற ஆட்சேபம் நியாயமானது, ஆனால் கணக்குப் போட்டால் சுருங்கிவிடும். 50 ஜிபி மெயிலை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வெளியூருக்கு அனுப்ப 11 மணி நேரம் ஆகும். அது முதல் தடவை மட்டும். பிறகு புதிதாக வந்தது மட்டும் போனால் போதும். தினம் 1 ஜிபி என்றால் கால் மணி நேரம்கூட ஆகாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ரகசியம்: பிரதிகள் கூடக் கூடக் கசியும் வழிகளும் கூடும். மறுக்க முடியாது. அனுப்பும் முன்பே குறியாக்கம் செய்துவிடுவதுதான் பதில். அந்தக் குறியாக்கச் சாவி சர்வரில் மட்டும் இருந்து, சர்வரும் வெள்ளத்தில் போனால், கோவையில் இருப்பது யாரும் திறக்க முடியாத கட்டி. சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு முதலாளி வீட்டு பீரோவில் வைப்பதைப் பழைய காலத்து வழி என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன்.

பிரதி நல்லபடியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி? தோற்றால் மெயில் வரும் என்று ஏற்பாடு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கிட்லாப் நிறுவனத்தின் கதையைக் கேட்க வேண்டும். 2017 ஜனவரி 31-ல் அங்கே தவறுதலாக முதன்மைத் தரவுத்தளம் அழிந்தது. பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மெயில்களோ சரியான அடையாளச் சான்று இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. கெட்ட செய்தி வந்தால்தான் தெரியும் என்பதற்குப் பதில், நல்ல செய்தி வராவிட்டால் சந்தேகப்படு என்று வைத்துக்கொள்ளலாம்: தினமும் காலையில் 'முடிந்தது, இத்தனை ஜிபி' என்று ஒரு வரி வர வேண்டும்; வராத நாளில் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், சித்திரையில் வந்த ஏதாவது ஒரு மெயிலை, இணைப்போடு, வெளியூர்ப் பிரதியிலிருந்து மட்டும் வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம். தொடங்கும்போது கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஃபோனில் காத்திருக்கும்போது சொல்ல வேண்டிய பதில் அந்த நேரம்தான்.