ஃபிர் மரத்தை அறிவோம்

நார்கண்டா, மணாலி, குல்மார்க் மலைச்சரிவுகளில் கோபுரமென உயர்ந்து நிற்கும் பசுமை மாறா மரங்களை நாம் பொதுவாகத் தேவதாரு என்றே அழைத்துவிடுகிறோம். அவற்றுள் ஃபிர், ஸ்புரூஸ் என்னும் வேறு இரு மரங்களும் உண்டு.

இலையும் கூம்பும் இவற்றைப் பிரித்துக் காட்டும். தேவதாருவின் ஊசியிலைகள் கொத்துக்கொத்தாக அமைந்திருக்கும். ஃபிர் மரத்தின் இலைகள் தனித்தனியானவை, தட்டையானவை. அடிப்புறத்தில் இரு வெளிர்கோடுகள் தெரியும். ஸ்புரூஸ் இலை நாற்பட்டையானது. விரல்களிடையே எளிதில் உருளும். ஃபிர் கூம்புகள் கிளைமீது நிமிர்ந்து நின்று, முற்றியதும் அங்கேயே செதில்செதிலாக உதிரும். ஸ்புரூஸ் கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கி, முழுமையாக விழும்.

இமயத்து ஃபிர் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குளிர்ச்சியும் ஈரமும் உள்ள, நீர் தேங்காத மண்ணில் செழிக்கும். இளமையில் நிழலைத் தாங்கி மெல்ல வளரும். முதிர்ந்தபின் 40 மீட்டரையும் கடக்கக்கூடும். ஆகவே மலைப்பகுதியில் வீடு உடையோர் இதனைச் சுவருக்கும் மின்கம்பிக்கும் வெகு தொலைவில் நடுதல் வேண்டும்.

சமவெளி நகரங்களில் கிறிஸ்துமஸ் மரம் எனத் தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் அரௌகேரியா. அது நம் வெப்பத்தைத் தாங்கும்; ஃபிர் தாங்காது. பெயரைக் கேட்டு விலை கொடுக்காமல், இலையைப் பார்த்து வாங்குவோம்.