கெட்டவன் யார்? தலவாக்கலை, அன்றும் இன்றும்

மாசிப் பிறை கண்டதும் மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றிவிடுவார்கள். தப்பு முழங்க, லயத்துச் சனமெல்லாம் திடலுக்கு வந்துவிடும். தேவர்கள் ஏவித்தான் மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான். கெட்ட கனவு கண்ட ரதி, போகாதே என்று காலைப் பிடிக்கிறாள். அவன் போகிறான், எரிகிறான். இதில் கெட்டவன் யார்? ஏவியவர்களா, போனவனா, எரித்தவரா? காமன் கூத்து தீர்ப்புச் சொல்வதில்லை. சனம் ரதியோடு சேர்ந்து அழும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கே வழியில்லாத காலத்தில், நல்லதும் கெட்டதும் ஒரே நெஞ்சுக்குள் மல்லுக்கட்டுவதை அந்த மக்கள் விடிய விடியப் பார்த்தார்கள்.

பிறகு வந்த மலையக எழுத்து வேறு வழியில் போனது. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையை 1947இல் தலவாக்கலைத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அப்படிப்பட்ட காலத்தில் பேனா பிடித்தவர்கள் தீமையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது பங்களாவில் துரையாகவும் பெரட்டுக் களத்தில் கங்காணியாகவும் நின்றது. கதைகள் பலவற்றில் தொழிலாளி மாசற்றவன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நாடற்றவர் என்று ஆக்கப்பட்ட மக்களுக்கு அப்போது தேவைப்பட்டது, தம் பக்கம் நிற்கும் ஒரு குரல்.

ஆனால் அந்தக் கங்காணியை நினைத்துப் பாருங்கள். தோட்ட வேலைக்குச் சனத்தைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தவன். முன்பணம் கொடுத்து, அந்தக் கடனாலேயே கட்டிப் போட்டவன். சாவு வீட்டில் முன்னால் நின்றவனும் அவனே. பலருக்கு அவன் சொந்த ஊர்க்காரன், சிலருக்குச் சொந்தக்காரன். அவன் மனசாட்சி பட்ட பாட்டைச் சொல்ல ஒரு முழு நாவல் வேண்டும். மலையக எழுத்து அந்த மனசுக்குள் போதுமான அளவு இறங்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ போன்ற கதைகளும், தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தும் லயத்து மனிதரை ஆசை, பொறாமை, சந்தேகம் எல்லாம் உள்ள ஆட்களாகப் பார்த்தன. பாதை அங்கிருந்துதான் திறக்கிறது.

இன்று? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி மட்டும், போடும் கொடுமை இன்னும் உண்டு. ஆனால் முன்போல ஒரே முகத்தைக் காட்டி ‘இவன்தான்’ என்று சொல்ல முடியாது. பெண்சாதி மலையேறிச் சம்பாதித்த பணத்தைச் சாராயக் கடையில் தொலைக்கிறவன், பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற தகப்பனாகவும் இருக்கிறான். கொழும்பு வீடுகளுக்குச் சிறுமிகளை வேலைக்குச் சேர்த்துவிடும் தரகர் பல நேரம் தெரிந்த ஆள்தான். அவரை நம்பித்தான் தாய் பிள்ளையை அனுப்புகிறாள். பழைய கங்காணி சட்டை மாற்றி வந்திருக்கிறான்.

தலவாக்கலையில் எழுத வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். கம்பனியின் அநியாயத்தை விடாமல் எழுதுங்கள். அதே கையால் அந்தத் தரகரையும் எழுதுங்கள்: பணத்தை எண்ணும்போது அவர் மனசு என்ன சொல்லிற்று, அதை எப்படி அடக்கினார் என்று அவருக்குள் இருந்தே எழுதுங்கள்.