எஞ்சின் சத்தமும் அதன் பொருளும்

கோயம்புத்தூரிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலையொன்று வேலந்தாவளத்தில் கேரள எல்லையைக் கடந்து, கொழிஞ்சாம்பாறை வழியாகச் சித்தூரை நோக்கிச் செல்கிறது. எல்லைக்கு இருபுறமும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் பகுதி அது. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்திருப்பதால், ஜூன் தொடங்கிச் சில மாதங்கள் அங்கே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். அந்நாட்களில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் செல்பவர், எதிர்க்காற்றில் எஞ்சின் 'கிணுகிணு' என்று ஒலிப்பதைக் கேட்கக்கூடும். திரும்பி வருகையில் காற்று முதுகுப்புறம் நின்று தள்ள, அதே வண்டி சத்தமின்றி ஓடும். கோளாறு தானாகவே தீர்ந்துவிட்டது என்று அவர் எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால் கோளாறு தீரவில்லை. எஞ்சினின் சுமை மட்டுமே குறைந்திருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரிடம் இத்தகைய பழைய வண்டிகள் இருக்கின்றன. தகப்பனார் ஓட்டிய வண்டியை விற்க மனமின்றி ரயிலில் ஏற்றித் தாம் இருக்கும் ஊருக்கே கொண்டு சென்றவர்களும் உண்டு. அங்கே பட்டறைக்காரரிடம் அரைகுறை மொழியில் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால், எஞ்சின் முழுவதும் பிரிக்கப்பட்டு, வீண் செலவு நேரலாம். இன்ன சத்தம், இன்ன நேரத்தில், இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.

புல்லட்டின் வரலாறு நம் சென்னையோடு பிணைந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸிலிண்டரில் 90 மில்லிமீட்டர் தூரம் பிஸ்டன் ஏறி இறங்கும் 346 கன சென்டிமீட்டர் எஞ்சின் அது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது, பிஸ்டன் ஒரு விநாடியில் சராசரியாக 9 மீட்டர் தூரம் ஓடுகிறது. விநாடிக்கு நூறு முறை நின்று திசை மாறுகிறது. இவ்வளவு வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உறவாடும்போது ஓரளவு சத்தம் இயல்பே. நாம் கவனிக்க வேண்டியது புதிதாகத் தோன்றிய சத்தத்தையும், நாளுக்கு நாள் வளரும் சத்தத்தையுமே ஆகும்.

இங்கே நம் தாய்மொழி ஓர் உதவி செய்கிறது. இரட்டைக்கிளவிகள் தமிழில் ஏராளம். 'லொடலொட' என்பது தளர்ந்த தகரத்தின் ஒலி. 'டிக்டிக்' என்பது வால்வுப் பக்கத்து ஒலி. 'கடகட' என்பது தொங்கும் சங்கிலியின் ஒலி. 'கிணுகிணு' என்பது காலந்தவறி எரியும் பெட்ரோலின் ஒலி. 'தொம்தொம்' என்பது எஞ்சினின் அடிவயிற்று ஒலி. கேட்ட ஒலிக்கு முதலில் ஒரு பெயர் இட்டுவிட்டால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

முதற்படியாக எஞ்சினுக்கு வெளியே பார்க்க வேண்டும். மட்கார்டு, சங்கிலி மூடி, கருவிப் பெட்டி, சைலன்ஸரைத் தாங்கும் போல்ட்டுகள், எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்து முடுக்குக. ஒற்றை ஸிலிண்டர் எஞ்சினின் அதிர்வு எந்த நட்டையும் தளர்த்தவல்லது. செலவில்லாத இந்தச் சோதனையிலேயே பல சத்தங்கள் அடங்கிவிடும்.

அடுத்து, எஞ்சினை நிதானமாக ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினின் பல இடங்களில் வைத்து, அதன் பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். மருத்துவரின் குழாய் போல அது ஒலியின் இருப்பிடத்தைக் காட்டும். சுழலும் பாகங்களிலிருந்து உடையையும் விரல்களையும் விலக்கி வைத்துக்கொள்வது அவசியம். பிறகு எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் புகை வெளியேறுகிறது. ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கிறது. ஆகவே சைலன்ஸரின் ஒவ்வொரு 'டுப்' ஒலிக்கும் ஒரு தட்டு கேட்டால், பெரும்பாலும் வால்வுப் பக்கமே காரணம். இரண்டு தட்டுகள் கேட்டால் சுழல்தண்டின் பக்கம் சந்தேகிக்கலாம்.

வால்வுப் பக்கம் என்றால் டேப்பெட்டைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இரு வால்வுகளும் மூடியுள்ள நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வருக. ஸிலிண்டரின் பக்கத்து மூடியைத் திறந்தால் இரு புஷ்ராடுகள் தெரியும். விரலால் உருட்டினால் அவை தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால், பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்து, நட்டை மீண்டும் முடுக்குக. முடுக்கிய பின் இன்னொரு முறை உருட்டிப் பார்க்க வேண்டும். சத்தத்துக்குப் பயந்து இறுக்கிவிடுவது பெருந்தவறு. இறுகிய வால்வு முழுவதும் மூடாமல் நின்று, அனலில் கருகிப் போகும். சற்றே சத்தமிடும் டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத இறுகிய டேப்பெட் ஆபத்தானது. பிற்காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் டேப்பெட்டுகள் தாமே சரிசெய்துகொள்கின்றன; அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

இடப்பக்க மூடிக்குள்ளிருந்து 'கடகட' ஒலி வந்தால், எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் சங்கிலியைப் பார்க்க வேண்டும். அது மிக இறுக்கமாக நிற்கும் இடத்திலும் சுமார் 6 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆட இடம் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் மூடியைக் கழற்றிக் கீழேயுள்ள இழுப்பானை உயர்த்த வேண்டும். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால், கோளாறு கிளட்சிலோ கியர்ப் பெட்டியிலோ இருக்கலாம்.

இனி, எதிர்க்காற்றில் கேட்கும் 'கிணுகிணு' ஒலிக்கு வருவோம். பெட்ரோல் ஆவி ஒழுங்காக எரிந்து பரவாமல், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் திடீரென்று வெடிப்பதால் எழும் ஒலி அது. சுமை ஏறும்போது அது தோன்றும். சுமை இறங்கினால் மறையும். ஸ்பார்க் முந்தி விழுதல், அதை வேகத்துக்கேற்ப முன்னேற்றும் அமைப்பின் ஸ்பிரிங்குகள் தளர்தல், பிஸ்டன் தலையில் கரி படிதல், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் ஆகியவை காரணங்கள். உடனடிப் பரிகாரம், கியரைக் குறைத்து எஞ்சினின் பாரத்தை இறக்குவதே. பிறகு பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். அலட்சியம் செய்தால் பிஸ்டனில் ஓட்டை விழவும் கூடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தோன்றிச் சூடேறியதும் அடங்கும் தட்டு, பெரும்பாலும் ஸிலிண்டரில் பிஸ்டன் இடம் கொண்டு ஆடுவதன் ஒலி. அது தேய்மானத்தின் அடையாளம். உடனடி அபாயம் அன்று. ஆனால் சூடேறச் சூடேற வலுக்கும் 'தொம்தொம்' ஒலி வேறு வகை. அது கனெக்டிங் ராடின் பெரிய முனைத் தாங்கி தேய்ந்ததைக் குறிக்கலாம். எண்ணெயை வடித்துப் பார்க்கையில் உலோகத்தூள் மினுமினுத்தால் ஐயம் உறுதியாகும். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது. தாங்கி இறுகினால் ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. இவ்வேலை நம் கைவேலை அன்று; தேர்ந்த பட்டறைக்கே உரியது. தில்லி கரோல் பாக்கிலும் சென்னை புதுப்பேட்டையிலும் உதிரிப்பாகங்கள் கிடைக்கும். வாங்குமுன் எஞ்சின் எந்த ஆண்டினது என்று அறிந்து செல்வது நலம்.

சுருங்கச் சொன்னால், வெளியிலிருந்து உள்ளேயும், மேலிருந்து கீழேயும், செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கும் செல்வதே முறை. எண்ணெயின் அளவை வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, எஞ்சின் சொல்வதற்குக் காது கொடுத்து வந்தால், தகப்பனார் ஓட்டிய வண்டியைப் பிள்ளைகளும் நெடுநாள் ஓட்டலாம்.