கார் எஞ்சின் குளிர்விப்பு அமைப்பில் பழுது கண்டறிதல்

கார் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விப்பு அமைப்பின் வழியாக வெளியேற வேண்டிய வெப்பமாகிறது. அது வெளியேறாமல் தேங்கினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஹெட்டிற்கும் பிளாக்கிற்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் பழுதாகும். ரப்பர் குழாயில் விழுந்த சிறு விரிசலைக் கவனிக்காமல் விட்டால், பின்னர் எஞ்சினையே பிரித்து வேலை செய்ய நேரிடும். எஞ்சின் எந்தச் சூழலில் சூடேறுகிறது என்பதைக் கவனித்தால், பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

அமைப்பும் இயக்கமும்

வாட்டர் பம்ப், கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் நீர்மத்தை எஞ்சினுக்குள் சுழலச் செய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பான் மூடியிருக்கும். ரேடியேட்டருக்கு நீர்மம் செல்லாது. பல கார்களில் 82 முதல் 90 பாகை செல்சியசு வெப்பநிலையில் தெர்மோஸ்டாட்டின் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து அதைத் திறக்கிறது. சூடான நீர்மம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாய்ந்து, காற்றால் குளிர்ந்து, மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்றே குளிர்விக்கும். கார் நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் அந்த வேலையை விசிறி செய்கிறது.

ரேடியேட்டர் மூடியும் இந்த அமைப்பின் முக்கியமான பகுதி. அது உள்ளே ஏறத்தாழ 1 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. இந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் குறைந்தால், மற்ற பாகங்கள் நன்றாக இருந்தாலும் நீர்மம் முன்னதாகவே கொதித்து வழியும்.

முதன்மையான எச்சரிக்கை

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே 100 பாகைக்கு மேல் சூடாகியும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும் நீர்மம், மூடியைத் திறந்தவுடன் நீராவியோடு பீறிட்டு வரும். முகத்திலும் கைகளிலும் கடும் தீப்புண் ஏற்படும். மேல் குழாயைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு எஞ்சின் ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

எப்போது சூடேறுகிறது?

நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமாகச் சென்றால் தணிந்தால் விசிறியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்விசிறி உள்ள பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் அது சுழலத் தொடங்கும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், வெப்ப உணரி ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். நிறுத்திய காரிலும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால் கையை விலக்கி வைக்க வேண்டும்.

நகரில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையிலோ மலைப்பாதையிலோ சூடேறினால் நீர்மம் போதிய அளவு சுழலவில்லை எனலாம். ரேடியேட்டரின் உட்புறம் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். வெளித்தகடுகளில் மண்ணும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். பம்பின் இறக்கைகள் அரிக்கப்பட்டிருக்கலாம்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறினால் நீர்மத்தின் அளவு குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். முள் சூட்டைக் காட்டும்போதும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மீதான சந்தேகம் வலுக்கும். மாறாக, நெடுநேரம் ஓட்டியும் எஞ்சின் சூடாகாவிட்டால் அது திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். இதனால் எரிபொருள் செலவு கூடும்.

சூட்டைக் காட்டிய முள் திடீரெனக் கீழே இறங்கினால் நிம்மதி அடையக் கூடாது. நீர்மம் முழுவதும் வெளியேறி, உணரி வெறும் காற்றில் இருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

நீர்மம் குறைந்துகொண்டே வந்தால்

குளிர்விப்பு அமைப்பு மூடிய ஒன்று. அடிக்கடி நீர்மம் ஊற்ற வேண்டியிருந்தால் அது எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். குழாய் இணைப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், பம்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஈரமோ நிறக்கறையோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். காருக்குள் இனிப்பு மணம் வீசி, மிதியடி நனைந்திருந்தால் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் கசிகிறது எனலாம்.

வெளியே கசிவே இல்லாமல் நீர்மம் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் தொடர்ந்து வெண்புகை வருவது, எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருப்பது, நீர்மத் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் எழுவது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நிலையில் காரை ஓட்டாமல், இழுவை வண்டியில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்வதே நல்லது.

வழியில் சூடேறினால்

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் வைத்துப் பாதுகாப்பான இடத்தில் காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். ஹீட்டர் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும். எஞ்சின் ஆற அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறும் முன் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விழக்கூடும். ஆறிய பிறகு மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, மெதுவாகத் திருகி, மீதி அழுத்தம் வெளியேறிய பின்னரே முழுவதும் திறக்க வேண்டும். கூலண்ட் இல்லாவிட்டால் நல்ல தண்ணீரை ஊற்றிப் பழுதுபார்க்கும் இடம்வரை செல்லலாம். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

பராமரிப்பு

ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் அதிலுள்ள உப்பு படிந்து ரேடியேட்டரை அடைக்கும். வெறும் தண்ணீரில் துரு தடுக்கும் பொருள்களும் இல்லை. காரின் கையேடு குறிப்பிடும் கூலண்டை, கனிமம் நீக்கிய நீருடன் அதே கையேடு கூறும் அளவில் கலந்து, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலக்கக் கூடாது. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. ஆகவே வடித்த நீர்மத்தைக் குழந்தைகளும் விலங்குகளும் அணுகாத இடத்தில் மூடி வைத்து, முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.