அடிமைகளின் புத்தாண்டு

டிசம்பர் 31ஆம் நாள் இரவு நம் சபைகளில் நடைபெறும் ஆண்டிறுதி ஆராதனையில் அருளுரை ஆற்றாத ஆயர் ஒருவரும் இரார். கடந்த ஆண்டின் நன்மைகளுக்காகத் துதி, வரும் ஆண்டுக்குரிய வாக்குத்தத்தம், காலத்தின் நிலையாமை பற்றிச் சில சொற்கள் ஆகிய இம்மூன்றையும் முன்பின்னாக மாற்றி அமைத்து நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கித்து வந்துள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இவ்விரவில் நாம் ஏன் விழித்திருக்கிறோம்? எதற்காகக் காத்திருக்கிறோம்?" என வினவினார். அன்று நாம் அளித்த மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவின் பின்னே சென்று படித்தவற்றுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

விழிப்பு ஆராதனை மொரேவிய சபையாரிடமும் மெதடிஸ்டுகளிடமும் வளர்ந்த வழக்கம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வுட்டில் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், முன்பு மதுக்கடையில் கழித்த இரவுகளை மனந்திரும்பிய பின் ஜெபத்திலும் துதியிலும் கழிக்கலாயினர். இதை நிறுத்திவிடும்படி சிலர் ஜான் வெஸ்லிக்கு ஆலோசனை கூறினர். அவரோ ஆதித் திருச்சபையின் இரவு விழிப்புகளை நினைவுகூர்ந்து, 1740களின் தொடக்கத்தில் அதனைத் தம் சங்கங்களுக்கு உரிய ஒழுங்காகவே ஆக்கினார். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையை அவர் அதற்குத் தெரிந்துகொண்டார். நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்புவோருக்கு நிலவொளி வேண்டுமன்றோ! ஆண்டின் கடைசி இரவோடு இவ்வாராதனை இணைந்தது பின்னரே.

ஆனால் விழிப்பின் வேர் இதனினும் ஆழமானது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படிப்போருக்கு இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, இஸ்ரவேலின் மாதக் கணக்கு எகிப்தினின்று விடுதலை பெற்ற மாதத்தில் தொடங்க வேண்டுமென 2ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விதைப்பையோ அறுப்பையோ அரசனின் முடிசூட்டையோ அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. அடிமைத்தளை அறுந்த நாளே ஆண்டின் வாசல். இரண்டாவது, 42ஆம் வசனத்தில் வரும் 'ஷிம்முரீம்' என்னும் எபிரேயச் சொல். காத்தல், விழித்திருத்தல் எனும் பொருளுடைய இச்சொல் அவ்வசனத்தில் இருமுறை வருகிறது. தம் மக்களை வெளியே கொணர அவ்விரவில் முதலில் விழித்திருந்தவர் கர்த்தர். ஆகவேதான் தலைமுறைதோறும் மக்களும் விழித்திருக்க வேண்டும். நம் ஆண்டிறுதிப் பிரசங்கங்களில் இப்பகுதி மிக அரிதாகவே இடம்பெறுகிறது என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

இப்பகுதியை வாழ்க்கையிலேயே வாசித்தவர்கள் அட்லாண்டிக் கடலின் அக்கரையில் இருந்த ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களுக்கு ஜனவரி முதல் நாள் மகிழ்ச்சியின் நாளாக இருக்கவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓராண்டுக் குத்தகைக்கு அடிமைகளை வாடகைக்கு விடும் நாள் அதுவே. கடன் தீர்ப்பதற்காக அவர்களை ஏலத்தில் விற்பதும் அந்நாளில் வழக்கம். அடிமையாயிருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1861இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் இதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். ஏழு பிள்ளைகளை ஏல மேடைக்கு அழைத்து வந்த ஒரு தாயை அவர் கண்டார். சிலரேனும் தன்னிடம் எஞ்சுவர் என அத்தாய் எண்ணியிருந்தாள்; எழுவரும் பறிக்கப்பட்டனர். டிசம்பர் 31ஆம் நாள் இரவில் அடிமைக் குடிசைகளில் எவரும் உறங்காதிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே ஜனவரி முதல் நாள் விடுதலையின் நாளாகவும் மாறிய வரலாறே நம் கருத்தை ஈர்ப்பது. 1791இல் எழுச்சி கொண்ட பிரெஞ்சுக் குடியேற்றத்தின் அடிமைகள், நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1இல் ஹெய்ட்டி என்னும் புதிய நாட்டை அறிவித்தனர். 1825இல் பிரான்ஸ் அந்நாட்டின் சுதந்திரத்தை ஏற்பதற்கு விலையாகப் பதினைந்து கோடி பிராங்குகளைக் கேட்டது. அத்தொகை பின்னர் ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலை பெற்றவனே தன் பழைய எஜமானுக்கு ஈடு செலுத்திய கொடுமை அது. இன்றும் ஹெய்ட்டி மக்கள் புத்தாண்டு நாளில் பூசணிச் சாறு சமைத்து உண்கின்றனர். அடிமைக் காலத்தில் அது எஜமானரின் மேசைக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பது அவர்களின் நினைவு. பஸ்கா இராப்போஜனத்தை விளக்கும் ஆசிரியர்களுக்கு இதனினும் நல்ல உவமை கிடைப்பது அரிது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1808 ஜனவரி 1இல், அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குள் அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று பிலடெல்பியாவில் தூய தோமா ஆப்பிரிக்க எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் பிரசங்க பீடத்தில் நின்றவர் அப்சலோம் ஜோன்ஸ். அடிமையாய்ப் பிறந்து, தம் விடுதலையைப் பெற்று, அத்திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவராக அபிஷேகம் பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட வசனம் யாத்திராகமம் 3:7,8. கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த கடவுளைப் பற்றிப் பேசிய அவர், ஜனவரி முதல் நாளை ஆண்டுதோறும் பொதுவான நன்றியறிதலின் நாளாகக் கைக்கொள்ளும்படி சபையாரை வேண்டினார். அச்சட்டம் உள்நாட்டு வாணிகத்தைத் தொடவில்லை; அடிமைச் சந்தைகள் முன்போலவே இயங்கின. இதை ஜோன்ஸ் அறியாதவர் அல்லர். அரைகுறை விடுதலைக்கும் நன்றி கூறலாமா என்பது எளிய வினா அன்று. கூறலாம் என அவர் கொண்டார். நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். எனினும் எதிர்க்கருத்துடைய மாணவர்களைக் குறை கூறோம்.

ஜமெய்க்காவில் நிகழ்ந்தது வேறு. மொன்டேகோ பே நகரில் அடிமையாயிருந்த சாமுவேல் ஷார்ப், எழுத்தறிவு பெற்றவர், பாப்டிஸ்டு சபையின் உதவியாளர். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலியின்றி எவரும் வேலைக்குத் திரும்பலாகாது என அவர் ஜெபக் கூட்டங்கள் வாயிலாக மக்களை உறுதிகொள்ளச் செய்தார். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய இயலாது என்னும் அருள்நாதரின் மொழியே அவர்கள் வாயில் வழங்கியது என்பர். திட்டமிட்டது வேலைநிறுத்தம். ஆயினும் டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. எழுச்சி மேற்குப் பகுதியெங்கும் பரவியது. வெள்ளையர் 14 பேர் மாண்டனர். அடிமைகளில் 200க்கு மேற்பட்டோர் மோதல்களிலும், 300க்கு மேற்பட்டோர் தண்டனையாலும் உயிரிழந்தனர். 1832 மே 23இல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி இரண்டு கோடி பவுண்டு ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு அன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு!

அவ்வீட்டைப் பெற்றோர் பட்டியலில் எஸ்.பி.ஜி. சங்கமும் இருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. பார்படோஸ் தீவின் காட்ரிங்டன் தோட்டங்கள் 1710இல் மரண சாசனத்தின் வழியே அச்சங்கத்திற்கு வந்தன. அடிமைகளும் உடன் வந்தனர். தொடக்க ஆண்டுகளில் சங்கத்தின் பெயரே அவர்தம் மார்பில் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. 1820களில் தஞ்சை, திருச்சி, திருநெல்வேலிச் சபைகளின் பொறுப்பை ஏற்று, பள்ளிகளும் ஆலயங்களும் எழுப்பி நம்மை வளர்த்ததும் இதே சங்கந்தான். நம் முன்னோருக்கு அருட்பணியாளரை அனுப்பிய கருவூலத்தைக் கரும்புத் தோட்டத்தினின்று முற்றிலும் பிரித்துக் காண நம்மால் இயலவில்லை. 2006 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை இப்பாவத்திற்காக மன்னிப்புக் கோரியது.

இனி, பலரும் அறிந்த நிகழ்ச்சிக்கு வருவோம். ஆபிரகாம் லிங்கன் 1862 செப்டம்பர் 22இல் விடுத்த முன்னறிவிப்பின்படி, 1863 ஜனவரி 1 முதல் கிளர்ச்சி செய்யும் மாநிலங்களின் அடிமைகள் விடுதலையாவர். ஆகவே 1862 டிசம்பர் 31 இரவு கறுப்பின மக்கள் ஆலயங்களில் கூடி விடியலுக்காகக் காத்திருந்தனர். விழிப்பு ஆராதனை அவ்விரவில்தான் தோன்றியது எனச் சிலர் எழுதுவது பிழை. பழைய பாத்திரம் அன்று புதிய இரசத்தால் நிரம்பியது என்பதே சரி. குடியரசுத் தலைவர் மறுநாள் காலை முதல் புத்தாண்டு விருந்தினரோடு பல மணி நேரம் கைகுலுக்கி, கை நடுங்கும் நிலையில் பிற்பகலில்தான் கையொப்பமிட்டார். பாஸ்டன் நகரில் பிரெடரிக் டக்ளஸ் முதலானோர் தந்திச் செய்திக்காக அன்றிரவு நெடுநேரம் காத்திருந்தனர்.

ஒன்றியத்தோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகியவற்றின் அடிமைகளுக்கு அப்பிரகடனம் பொருந்தவில்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் அது நடைமுறைப்படுத்தப்பட்டது 1865 ஜூன் 19இல். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஏற்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பரில்.

தென் கரோலினாவின் கரையோரத்தில் அந்தப் புத்தாண்டு நாளிலேயே பிரகடனம் மக்கள் முன் வாசிக்கப்பட்டது. ஒன்றியப் படையின் வசமிருந்த ஒரு முகாமில், கருவாலி மரங்களின் கீழ், நேற்றுவரை அடிமைகளாயிருந்தோர் திரளாகக் கூடியிருந்தனர். கறுப்பினப் படைப்பிரிவின் தலைவரான ஹிக்கின்சன் முன்பு சபைப் போதகராயிருந்தவர். படைக்கு அளிக்கப்பட்ட கொடியை அவர் கையில் வாங்கியபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. கூட்டத்தினின்று ஒரு முதியவரின் கரகரத்த குரல் நாட்டுப் பண்ணைப் பாடத் தொடங்கியது. இரு பெண்களின் குரல்கள் அதனோடு சேர்ந்தன. பின் மற்றவர்களும் பாடினர். மேடையிலிருந்த வெள்ளையர் சிலர் உடன் பாட முற்பட்டபோது ஹிக்கின்சன் கையமர்த்தி அவர்களை நிறுத்தினார். பாடியவர்கள் கடைசிச் சரணம்வரை தாங்களே பாடி முடித்தனர்.